கை தூக்கச் சொன்ன தேர்தல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான், இராயபுரத்தில் ஆசிரியன். பொதுத்தேர்தல் நெருங்கியபோது, பாடம் புரியட்டுமென்று வகுப்பில் தலைவர் தேர்தல் வைத்தேன். துறைமுக மேஸ்திரியின் மகனும், மீன்காரம்மா மகள் செல்லம்மாளும் நின்றார்கள். கை தூக்கச் சொன்னேன். துறைமுகக் கூலியாளின் மகன் முனியன் மட்டுமே செல்லம்மாளுக்குத் தூக்கினான்.

மகன் சொல்லி இதை அறிந்த மேஸ்திரி, மறுநாள் காலை கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தபோது முனியனின் அப்பாவைக் கூப்பிடவில்லை. வேலை போன அப்பா நேரே என்னிடம் வந்தார்.

"இன்னா வாத்யாரே, பாடம் சொல்லிக் குடுன்னா என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே!"

அன்றே அந்தத் தேர்தலை ரத்து செய்தேன். பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, உள்ளே வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டு பானை வைத்து, ஒவ்வொருவராகப் போய்ச் சீட்டுப் போடச் சொன்னேன். செல்லம்மாள் ஜெயித்தாள்.

மேஸ்திரி பாய்ந்து வந்தார். "எவன் எவன் போட்டான்? பேரச் சொல்லு!"

"எனக்கே தெரியாதுங்க. பாதி வகுப்புக்கு மேல போட்டிருக்கு. முனியன் அப்பாவ மட்டும் நிறுத்தி இன்னா பண்ணப் போறீங்க?"

முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் முனியனின் அப்பாவுக்கு வேலை கிடைத்தது.

இப்போது எந்த வகுப்பிலும் நான் கை தூக்கச் சொல்வதில்லை. யாருக்குப் போட்டாய் என்று எவர் கேட்டாலும் சொல்லாதே என்பதுதான் முதல் பாடம். கேட்பவன் நானாக இருந்தாலும் சரி.