புஸ்ஸான வெடிகள்

சுட்டு முடித்த தோட்டாக்களில் மீண்டும் மருந்து நிரப்பும் வித்தையைக் கற்க ஆரம்பித்திருக்கிறார் என் கணவர். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையில், லிஸ்டைப் பார்த்துச் சாமான்களைக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். தோட்டாவை அழுத்தி மூடக் கைப்பிடி வைத்த பிரெஸ், மருந்து நிறுக்கக் குட்டித் தராசு. கடைசியாக ஒரு பச்சைப் புனலை என்னிடம் நீட்டினார்.

"இது வழியாத்தான் பவுடரை ஊத்தணும்."

புனலைத் தொட்டதும் விருதுநகர் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். தீபாவளிக்கு மறுநாள் காலை, தெருவெல்லாம் ஈரமான வெடிக் காகிதம் கிடக்கும். நானும் அக்காவும் புஸ்ஸான வெடிகளைப் பாவாடையில் பொறுக்கி வருவோம். பலகாரம் சுட்ட அலுப்பில் அம்மா தூங்குவாள். அப்பா மிச்ச முறுக்கைக் கடித்தபடி பேப்பர் படிப்பார். மாடியில் அக்கா வெடிகளைப் பிரித்து, காகிதத்தைப் புனலாகச் சுருட்டி, சாம்பல் நிற மருந்தைக் கொட்டாங்குச்சியில் சேர்ப்பாள். கந்தக வாசம் விரலை விட்டு ரெண்டு நாள் போகாது.

"தள்ளி நில்லுடி, நான் பத்த வைக்கிறேன்."

என்னைத் தள்ளி நிறுத்தியவள், தான் மட்டும் குனிந்து பார்த்தாள். ஒரு வெள்ளை வெளிச்சம் பூ மாதிரி எழும்பி, அவள் முகம் முழுக்க விரிந்தது. அவ்வளவு அழகான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம்தான் அவள் அலறினாள்.

"எல்லாம் எடுத்தாச்சு, போலாமா?" என்றார் கணவர்.

சுவரில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் கூடையில் வைத்தேன்.

"இது லிஸ்ட்லயே இல்லையே?"

"இதுதாங்க முதல்ல."

அக்கா இன்றும் வீடியோ காலில் முகத்தின் இடது பக்கத்தை மட்டும்தான் காட்டுவாள்.