முப்பத்தொன்றில் நின்ற பிரேக்

ரேஸ் கேம் சீட்டைத் துடைக்கக் குனிந்தபோது பிரேக் பெடலில் ரத்தத்தைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. அப்போதுதான் சீட்டிலிருந்து எழுந்த முனிராஜ் அண்ணன் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்பு.

"அண்ணா, கால்ல அடிபட்டிருக்கு" என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வயரிங் டெஸ்டிங் பார்த்தவள் நான். அதன்பின் இந்த கேம் சென்டரில் சர்வீஸ் வேலைக்கு வந்தேன். ரேஸ் கேமுக்கான ஸ்டீரிங் செட் நான்கு இருந்தன. கார் சீட், மூன்று பெடல், எதிரே பெரிய திரை. ரோடு வளைந்தால் ஸ்டீரிங்குக்குள் இருக்கும் மோட்டார் நம் கையை இழுக்கும். பிரேக் பெடலுக்கு அடியில் லோட் செல் என்று ஒரு சென்சார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை கம்ப்யூட்டரில் காட்டும். எவ்வளவு அழுத்தினால் நூறு என்பதை நாம்தான் செட் செய்கிறோம். அதுதான் கேலிபரேஷன்.

முனிராஜ் அண்ணன் ராயக்கோட்டைக்காரர். கம்பெனி ஷிப்ட் பஸ் டிரைவர். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மதியம் மூன்றரை வரை அவருக்கு வேலையில்லை. பன்னிரண்டரை மணிக்கு எங்களிடம் வந்துவிடுவார். ரேஸ் ஓட்டமாட்டார். மலை ரோடு போட்டுக்கொண்டு, யாரையும் முந்தாமல் ஒரு மணி நேரம் ஓட்டுவார். மற்றவர்கள் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்காருவார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "பிரேக்கு பிடிக்கல பாரும்மா. வளைவுல வண்டி நேரா போயிக்கினே இருக்குது."

நான் பெடலைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. எங்கள் ஓனர் மதுரைக்காரர், மெஷின் சரியில்லை என்று கஸ்டமர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார். செட்டிங்கைக் குறைத்தேன். பாதி அழுத்தினாலே முழு பிரேக் விழுந்தது. அண்ணனுக்குச் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து அதே புகார். இன்னும் குறைத்தேன். வேலை தெரிந்த பொண்ணு என்று ஓனரிடம் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அதற்கும் மூன்று வாரம் கழித்துதான் இந்த ரத்தம்.

பெடலின் ரப்பர் கழன்று போல்ட்டின் கூர் வெளியே வந்திருந்தது. தினமும் செக் செய்யவேண்டியவள் நான். அந்த செட்டை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவரை உட்காரவைத்துக் காலைக் கழுவினேன். பெருவிரலுக்குக் கீழே ஆழமான வெட்டு. மருந்து ஊற்றியபோது என் பல் கூசியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப்போட்டுவிட்டு, வேறொரு சந்தேகத்தில் பக்கத்து செட்டுக்குப் போனேன். அதன் செட்டிங்கை நான் தொட்டதே இல்லை. உட்கார்ந்து மிதித்தேன். சிரமமில்லாமல் நூறு. அவரைக் கூப்பிட்டு, காயத்தில் படாமல் குதிகாலால் மிதிக்கச் சொன்னேன். முப்பத்தொன்றில் நின்றது.

"முழுசா மிதிங்கண்ணா."

"முழுசாத்தானே மிதிச்சுக்கினு இருக்கறேன்."

கண்ணை மூடச் சொல்லி, அவருடைய கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டேன். நீ தொடு, தொட்டதும் சொல்கிறேன் என்றார். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணைத் திறந்து என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பஸ்ஸுல ஏர் பிரேக்கும்மா. லேசா காலு வெச்சாலே பிடிச்சுக்கும். அதான் அதுல ஒண்ணும் தெரியல" என்றார்.

மணி இரண்டாகியிருந்தது. மூன்றரைக்கு அந்த பஸ்ஸில் நாற்பது பேர் ஏறவேண்டும். ஓட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே போனை எடுத்து டிராவல்ஸ் ஆபீஸைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு வேற ஆள அனுப்புங்க சார். என் காலு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியல."

அன்றே ஓனர் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பல வருடமாக சர்க்கரை இருந்திருக்கிறது, பாதத்து நரம்பு செத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனி வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். காயம் ஆற இரண்டு மாதம் ஆனது. விரலை எடுக்காமல் காப்பாற்றினார்கள். இப்போது அதே டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நலம் விசாரித்தார். கோபமாகப் பேசவில்லை. போகும்போது மட்டும், "மொத தடவ சொன்னப்பவே நீ மிதிச்சுப் பாத்திருக்கலாமேம்மா" என்றார்.

முதல் புகாருக்கும் அந்த ரத்தத்துக்கும் நடுவே ஆறு வாரம். ஆறு வாரமும் நான் குறைத்து வைத்த பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு, அவர் தினமும் அந்த நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் போயிருக்கிறார்.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், செட்டிங்கில் கை வைக்காதீர்கள். முதலில் நீங்கள் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். மெஷின் சரியாக இருந்தால், அதைச் சொன்ன மனிதரின் காலைப் பாருங்கள்.