வேப்பங்கொப்பு கட்டிய வீடு

முக்காலியின் ஒரு கால் குட்டை. அதற்கு ஓர் ஓட்டுத்துண்டை அண்டக் கொடுத்துவிட்டு ஏறி நிற்பார் கோட்டைச்சாமி. வாயில் சணல், கையில் இரண்டு வேப்பங்கொப்பு. காய்ந்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதுசை வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டுவார். இறங்கி வந்து தெருவில் நின்று பார்ப்பார். ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தால் மறுபடி ஏறுவார். நாலு மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கு இதுதான் வேலை. எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

வாசலில் வேப்பங்கொப்பு தொங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. வெளியாள் படியேறக் கூடாது. அக்கம்பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, தாளிக்கக் கூடாது. ஆனால் கோட்டைச்சாமி வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. அவருக்கும், அவர் மனைவி முருகலட்சுமிக்கும், எனக்கும் மட்டும்தான் இது தெரியும் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பந்தல்குடியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. கோட்டைச்சாமிக்கு ஐம்பத்தாறு வயது. ஏழு ஏக்கர் கரிசக்காடு. மழை பார்த்து மக்காச்சோளம், உளுந்து, மல்லி போடுவார். விவசாயம் என்று சொல்லிக்கொள்வாரே தவிர, மனிதருடைய உண்மையான தொழில் நலம் விசாரிப்பது. தூத்துக்குடி ரோட்டில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தால், அவர் வீட்டுக்குச் சேதி போய்ச் சேருமுன் கோட்டைச்சாமி ஆசுபத்திரி வாசலில் நிற்பார். கையில் ஒரு ரொட்டி பாக்கெட்டும் ஆறு சாத்துக்குடியும் இருக்கும். "வெறுங்கைய வீசிக்கிட்டு ஒரு வீட்டுப் படி ஏறக்கூடாது டீச்சர்" என்பார். போன இடத்தில் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். "அவுகளே நொந்துபோயிக் கெடக்காக. அங்கன போயி நம்ம வாய நனைக்கவா?" கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு வாங்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் அரைக் கரண்டி சர்க்கரை கேட்டு அவர் நின்றதை யாரும் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து, வந்த மாதமே காய்ச்சலில் படுத்தபோது, ஒரே நாளில் மூன்று தடவை வந்து என் தூக்கத்தைக் கெடுத்தார் புண்ணியவான்.

போன தையில் மல்லி அறுப்பு முடிந்த கையோடு முருகலட்சுமிக்கு மார்பில் கட்டி தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். அந்த அம்மா நிதானமாக எல்லாம் சொல்லி முடித்ததும், கோட்டைச்சாமி உரக்கடையில் கேட்பது போலக் கேட்டார்: "களைக்கு அடிக்கிற மருந்து பயிரையும் செத்த வாட்டும்ல? அது கணக்கா தானம்மா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அதே கணக்குத்தான்யா. பயிர் வாடுற நேரத்துல நீங்க பாத்துக்கணும்."

"அது என் பொறுப்பு" என்றார் கோட்டைச்சாமி. திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டும் வரைக்கும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகலட்சுமி, "நான் இவருக்குக் காடாப் போயிட்டேன் பாத்தீகளா டீச்சர்" என்றாள்.

முதல் மருந்து ஏறியது. மறுநாளே வந்தார்கள் ஐயா, ஜனங்கள்! இருபது வருடமாக இவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்த சாத்துக்குடி அத்தனையும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. திருச்சுழியிலிருந்து ஆட்டோ, பாலவனத்தத்திலிருந்து ஒரு வேன். ஒருத்தி கன்னத்தை வழித்தாள், ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதாள், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு கிழிய இருமினார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எல்லாம் பிரியம்தான். பத்தாம் நாள் முருகலட்சுமிக்குக் காய்ச்சல் கொதித்தது. இரத்தத்தில் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று ஐந்து நாள் படுக்க வைத்துவிட்டார்கள். இந்த முறை டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்டுல கூட்டம் சேர்த்தா இப்படித்தான் ஆகும். கவுண்டு ஏறலன்னா அடுத்த மருந்து ஏத்த முடியாது. மருந்து தள்ளிப்போனா நோய்க்குத்தான் லாபம்" என்றார்.

வீடு திரும்பிய அன்றைக்குச் சாயந்திரம் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார் கோட்டைச்சாமி. "வராதீகன்னு எப்பிடி டீச்சர் சொல்றது? நான் போகாத வீடு ஒண்ணு இருக்கா?" என்றார். நோயாளியைப் பார்க்க வந்தவரைப் படியேறாதே என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. "சொல்லித்தான் ஆகணும், வேற வழி என்ன இருக்கு?" என்று பிள்ளைகளை அதட்டுவது போல அவரை அதட்டி அனுப்பினேன். விடிந்து பார்த்தால் நிலையில் வேப்பங்கொப்பு.

ஓடிப்போய்க் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு வார்த்த பொய் சொன்னேனா? கொப்புதான் கட்டுனேன். மத்தத அவுகளா நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?" என்றார். பிறகு வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து முருகலட்சுமியின் குரல் வந்தது: "எனக்கு அம்மையும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல டீச்சர். இந்த மனுசன் என்னயச் சாமியாக்கி உக்கார வச்சிட்டாரு."

கொப்பு வேலை செய்தது. வேன்கள் தெருமுனையிலேயே திரும்பின. கொண்டுவந்த சாத்துக்குடியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். என் பிரிட்ஜைத் திறந்தால் உருண்டு வந்து காலில் விழும். ஆனால் வம்பு வேறு பக்கமிருந்து வந்தது. தெருவே தாளிப்பதை நிறுத்திவிட்டது. நானோ சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி, எனக்கென்ன என்று ஒருநாள் கடுகைப் போட்டேன். அது வெடித்து முடியவில்லை, பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் வந்து நின்றாள். "ஒங்களுக்கு வேதம் வேற, சரி டீச்சர். ஆனா பொக எங்க தெருவுலதான வருது?" அன்றோடு என் சமையல் முடிந்தது. நாலு மாதம் அவித்ததையும் புளித்ததையும் தின்று நான் பட்ட பாடு அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்.

அதுவரை உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத கோட்டைச்சாமி கேப்பைக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். காலண்டர் தாளில் மழை அளவு எழுதும் இடத்தில் மனைவியின் காய்ச்சல் அளவை எழுதினார். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி, உழவு செய்த கையே வெளுத்துவிட்டது. முருகலட்சுமிக்கு முடி கொட்டியபோது, தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "இனிமே வீட்டுக்கு ஒரு சீப்புக்கூடத் தேவையில்ல" என்றார். அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை அவருடைய சாயங்கால வேலை. விருந்தாட்கள் வர முடியாது. சரி, அவரே எல்லா விருந்தாட்களுமாக வந்துவிடுவார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அறை வாசலில் நிற்பார். "இப்ப வாரது பாலவனத்தம் பெரியம்மா" என்று அறிவிப்பார். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, "அடி லச்சுமீ, துரும்பா எளச்சுட்டியேடி, ஒன்னய இந்தக் கோலத்துல பாக்கவா நான் பஸ்ஸேறி வந்தேன்" என்று மூக்கைச் சிந்துவார். அடுத்தாற்போல இருமுகிற பெரியவர். அதற்கடுத்து, ஆறுதல் சொல்ல வந்து தன் முட்டிவலியைப் பற்றியே பேசிவிட்டுப் போகிற அவளுடைய தம்பி பெண்டாட்டி. முருகலட்சுமி சிரிப்பது தெரு முழுக்கக் கேட்கும். அம்மை போட்ட வீட்டில் என்ன இப்படிச் சிரிப்பு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பகீர் பகீர் என்று இருக்கும். யாரும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, என் மரமண்டைக்கு.

நாலாவது மருந்துக்குப் போனபோது கவுண்டு போதவில்லை என்று மதுரையிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "டீச்சர், கொப்பு காஞ்சிருக்கும். நாங்க திரும்பி வரயில காஞ்ச கொப்பப் பாத்து, ஆத்தா போயிட்டான்னு ஆளுக உள்ள வந்துருவாக. நீங்க செத்த மாத்திக் கட்டிருறீகளா?" என் பள்ளிக்கூட வாழ்க்கையில் இப்படி ஒரு வீட்டுப்பாடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனால், நிலையில் பச்சைக் கொப்பு தொங்குகிறது. அப்போதுதான் ஒடித்தது, காம்பில் ஈரம் காயவில்லை. சந்தனம்மாள் தன் வாசலைக் கூட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நேத்தே காஞ்சுபோச்சு. அதான் கட்டிவிட்டேன்" என்றாள்.

முக்காலியைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"எந்த வீட்டுல டீச்சர் ஆத்தா மாசக்கணக்குல தங்கியிருக்கா? அம்மக்காரிய எவனாவது மூணு வாரத்துக்கு ஒருக்காக் கார்ல ஏத்தி மதுரைக்குக் கொண்டுபோவானா? மொத மாசத்துலயே தெருவுக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் தாளிக்காம கெடக்கீங்க? என்னையும் சேத்துப் பட்டினி போட்டு?"

துடைப்பத்தைத் தட்டிச் சுவரில் சாத்தினாள். "எங்க அக்கா மகளுக்கு இதே மருந்து ஏத்துனாக. எண்ணெ வாட பட்டாப் போதும், கொடலப் பெரட்டும். லச்சுமிக்கும் அப்பிடித்தான இருக்கும்? அந்த மனுசன் வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்க மாட்டாரு. கேக்காத ஆளுக்கு இப்பிடித்தான் செய்யணும்." உள்ளே போனவள் திரும்பி வந்து, "அவுககிட்டச் சொல்லிப்புடாதீக. வெக்கப்படுவாக" என்றாள். அந்தப் பக்கம் ஒரு ரகசியம், இந்தப் பக்கம் ஒரு ரகசியம், நடுவில் கடுகு இல்லாமல் நான். வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டு நாள் கழித்துக் கவுண்டு ஏறி, நாலாவது மருந்தும் ஏறியது. ஐந்தும் ஆறும் தள்ளிப்போகவில்லை. கடைசி மருந்துக்கு மூன்று வாரம் கழித்து இரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "நோய் எங்கயும் தெரியல. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். கோட்டைச்சாமி கேட்ட முதல் கேள்வி, "இனிமே ஆளுக வரலாமாம்மா?" என்பதுதானாம். வரலாம் என்றாராம், இருமுகிறவர் மட்டும் வேண்டாம் என்றாராம். இதை எனக்குச் சொன்னவள் முருகலட்சுமி. சொல்லும்போதே இருமிக் காட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முக்காலியைப் போட்டுவிட்டு ஏறாமல் நின்றார் மனிதர். அம்மை வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் கொப்பை அவிழ்க்க வேண்டும். வராத அம்மைக்கு என்ன செய்வது? அவர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைக் குடத்தோடு இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தனம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"என்ன கொழுந்தனாரே, ஆத்தா கெளம்பிட்டாளா? தண்ணி ஊத்திருவமா?"

"மதினி... ஒங்களுக்கு..."

"கெளம்பிட்டாளா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். புரிந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "கெளம்பிட்டா மதினி" என்றார்.

முருகலட்சுமியை முற்றத்தில் உட்கார வைத்து ஊற்றினார்கள். தலையில் முடி, முதல் மழைக்கு உளுந்து முளைத்தது போலப் பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தது. ஆளாளுக்கு ஒரு செம்பு ஊற்றினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், ஊற்றினேன். அவள் மூச்சுத் திணறச் சிரித்தாள். கோட்டைச்சாமி வெளியே போய்க் கொப்பை அவிழ்த்தார்.

ஒரு மணி நேரம் இருக்கும். சந்தனம்மாள் வீட்டில் கடுகு வெடித்தது. அடுத்து அதற்கடுத்த வீடு. நான் விடுவேனா? என் சட்டியும் ஏறியது. வெங்காயமும் கருவேப்பிலையும் வதங்கும் வாசனை தெரு முழுக்கப் பரவியதும் எனக்குத் திக்கென்றது. குமட்டினால் என்ன செய்வாள் என்று எதிர்வீட்டைப் பார்த்தேன். முருகலட்சுமி ஈரத்தலையில் துண்டோடு வாசலுக்கு வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"யாரு வீட்டுலங்க தாளிக்கிறாக? கருவாட்டுக் கொழம்பு மாதிரியில்ல இருக்கு. ஏங்க, எனக்குப் பசிக்குது."

நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத வார்த்தை. கோட்டைச்சாமி அடுப்படிக்கு ஓடினார். அங்கே காலையில் காய்ச்சிய கஞ்சிதான் இருந்திருக்கும். ஓடிய வேகத்தில் வெளியே வந்தார், காலில் செருப்பில்லை, வேட்டி ஒரு பக்கம் இழுபட்டது. நேராகச் சந்தனம்மாள் வீட்டுப் படியில் போய் நின்று, "மதினி! மதினி!" என்று கூப்பிட்டார். கையில் ரொட்டி இல்லை, சாத்துக்குடி இல்லை. ஒரு வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார்.