வாப்பா வீடு

எண்ட தம்பி றிம்ஸானப் பத்திச் சொல்லப் போறன். கெட்டவன் இல்லை. கற்பிட்டியில கருவாடு வாங்கி, மோட்டர்சைக்கிள்ல கட்டிக்கொண்டு போய்ப் புத்தளத்தில வித்துப் பிழைக்கிறவன். தொழுகை, நோன்பு எல்லாம் சரி. வாய் மட்டும்தான் சரியில்லை. அது எங்கட குடும்பத்து வாய், எனக்கும் இருக்கு.

தொண்ணூறாம் ஆண்டு எங்கட வாப்பா மன்னாரில இருந்து ஒரு பையோட வந்தவர். முஸ்லிம் ஆக்களெல்லாம் ஊரை விட்டுப் போகணுமெண்டு இயக்கத்துக்காரங்க அவரைத் துவக்குக் காட்டி அனுப்பினாங்க. யுத்தமெல்லாம் முடிஞ்சு நாடே அமைதியான பிறகு, இவன் தில்லையடியில பொண்டாட்டி ஸாஜிதாட வீட்டுல இருந்து ஒரு பையோட வெளிக்கிட்டு வந்தான். இவனை ஒருத்தரும் அனுப்பல்ல. கோவத்துல தலாக் எண்டுபோட்டு, பிழையெண்டு ஒத்துக்கொள்ள வெக்கப்பட்டு, தலாக் வழக்குப் பார்க்கிற காதி கோட்டு வரைக்கும் இழுத்து முடிச்சுக்கொண்டான். வீடு ஸாஜிதாட சீதன வீடு. எங்கட ஆக்கள்ட வழக்கமே அதுதான்: வீடு பொண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். அவன் பையத் தூக்கிக்கொண்டு வந்தது எண்ட வீட்டுக்கு.

வந்து கொஞ்ச நாள் எண்ட மனிசனோட சேர்ந்து டீவி பார்த்தான். பிறகுதான் மகள்ட ஞாபகம் வந்திச்சு. றைஸாக்கு ஏழு வயசாகுது, இனிப் புள்ளை வாப்பாவோடதான் இருக்கணும், உம்மாவ வெள்ளிக்கிழமையில போய்ப் பார்க்கட்டும் எண்டு ஒத்தக் கால்ல நிண்டான். புள்ளைக்குத் தலை இழுத்துக் கட்டத் தெரியுமாடா, பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டத் தெரியுமாடா எண்டு கேட்டன். அதுக்கு நீங்க இருக்கிறீங்கதானே ராத்தா எண்டான். நல்ல வாப்பா!

திரும்பவும் கோட்டுப் படி ஏற ஸாஜிதாக்குத் தெம்பில்லை. அதனால ரெண்டு பக்கத்துப் பெரிய மனிசர்மாரும் எண்ட வீட்டு ஹோல்ல கூடினாங்க. எண்ட கதிரையில இருந்து, எண்ட தேத்தண்ணியக் குடிச்சு, புள்ளைட எதிர்காலத்தப் பேசினாங்க. ஸாஜிதா குசினிக்குள்ள அடுப்படியில றைஸாவ மடியில வச்சுக்கொண்டு இருந்தாள். புள்ளையக் குடுக்கச் சொல்லிருவாங்களா மச்சி எண்டு ஒரே ஒருக்காத்தான் கேட்டாள். அவள் எண்ட தம்பிட பொண்டாட்டியா இல்லாமப் போகலாம், அந்தப் புள்ளைக்கு நான் மாமிதானே.

பேசிப் பேசிக் கடைசியில அவங்கள்ல மூத்தவரான ஹாஜியார் முடிவு சொன்னார். புள்ளை இனி வாப்பா வீட்டுல இருக்கட்டுமாம். நான் தேத்தண்ணித் தட்டத்தை மேசையில வச்சன்.

"வாப்பா வீடெண்டா எது ஹாஜியார்?"

"ஏன், இதுதானே."

"இது எண்ட வீடு. எண்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்தது. நீங்க இருக்கிறது யார்ட வீட்டுல?"

ஹாஜியார் கோப்பைக்குள்ள பார்த்தார். எண்ட மனிசன் கூரையப் பார்த்தார். அந்த ஹோல்ல இருந்த ஆம்புளை ஒருத்தருக்கும் சொந்தத்துல ஒரு ஓடு கூட இல்லை, எல்லாரும் பொண்டாட்டிமார்ட வீட்டுல தங்கி இருக்கிறவங்கதான். வாப்பா வீட்டுக்குப் புள்ளைய அனுப்புறதெண்டு முடிவெடுத்தவங்களுக்கு அது அப்பத்தான் உறைச்சிச்சு. றிம்ஸானுக்கெண்டு ஒரு வீடு வரட்டும், வந்த பிறகு புள்ளை போகட்டும் எண்டு முடிவைத் திருத்திப்போட்டு எழும்பிப் போனாங்க. ஸாஜிதா ஆறிப்போன தேத்தண்ணிய ஒரே மடக்குல குடிச்சாள். வெண்டாச்சு எண்டு நானும் நினைச்சன்.

கருவாடு வித்து ஒருத்தன் எந்தக் காலத்துல வீடு கட்டுறது? ஆனா எங்கட ஆம்புளைகளுக்கு வீடு எடுக்க அதை விட லேசான வழி ஒண்டு இருக்கு. அடுத்த நோன்புக்கு முந்தியே குறிஞ்சிப்பிட்டியில பளீலாவ நிக்காஹ் செஞ்சுகொண்டான். அவளும் தலாக் ஆனவள், ரெண்டு ஆம்புளைப் புள்ளைகள், நல்ல ஓட்டு வீடு. வீடு வந்திட்டு ராத்தா எண்டு சிரிச்சுக்கொண்டு வந்து நிண்டான்.

சொன்ன சொல் சொல்தானே. ஸாஜிதா புள்ளைட உடுப்புகள மடிச்சுப் பையில வச்சாள். மடிச்சதைத் திரும்பவும் விரிச்சு மடிச்சாள். அவள்ட முகத்தை என்னால பார்க்க ஏலாமப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில நானும் றைஸாவோட கூடப் போனன்.

பளீலா குறை சொல்ல ஏலாத பொம்புளை. புள்ளைக்கு முட்டை பொரிச்சு வச்சிருந்தாள். ஜும்ஆ முடிஞ்சு வந்து சாப்பிட்டுக் கை கழுவ, வாசல்ல ஒரு மோட்டர்சைக்கிள் வந்து நிண்டிச்சு. பளீலாட முந்தின மாப்பிள்ளை. மகன்மாரப் பார்க்க அவருக்கு வெள்ளிக்கிழமையாம், அவங்கட பெரிய மனிசர்மார் எடுத்த முடிவாம். அவர் ஹோல்ல இருந்தார். புள்ளைகள் ரெண்டும் அவர்ட மடியில. பளீலா உள்ளுக்குப் போயிட்டாள். புது மாப்பிள்ளை பழைய மாப்பிள்ளைக்கு முன்னால எப்படி இருக்கிறது? எண்ட தம்பி சேர்ட்ட மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கி, வேப்ப மரத்தடியில நிண்டான். றைஸா தன்ட பையத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலயே போனாள்.

"வாப்பா, இது அவங்கட வாப்பா வீடா?"

"இல்ல மகள். அவங்கட உம்மா வீடு."

"அப்ப ஒங்கட வீடு எங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்திச்சு, அழுகையும் வந்திச்சு. அவன் புள்ளையத் தூக்கி மோட்டர்சைக்கிள்ல வச்சு, நேரா தில்லையடிக்கு, புள்ளைட உம்மா வீட்டுக்கே விட்டான்.

இப்ப ஒவ்வொரு வெள்ளியும் அங்க பளீலா வீட்டுக்கு அவர் வாறார், இங்க ஸாஜிதா வீட்டுக்கு இவன் போறான். ஸாஜிதாட விறாந்தையில ஒரு கதிரை போட்டிருக்கும். விருந்தாளிக்குக் குடுக்கிற கோப்பையில தேத்தண்ணி வரும். குடியிருந்த காலத்துல ஒரு நாளும் தொடாத தண்ணிப் பைப்பை இப்ப இறுக்கிக் குடுக்கிறான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னா எழும்பிருவான்.

றைஸா வாசல் கேட்டடிக்கு வருவாள். "போயிட்டு வாங்க வாப்பா" எண்டு, வந்த ஆக்கள அனுப்புற மாதிரிச் சொல்லிப்போட்டு, உள்ளால கொண்டியப் போடுவாள். புள்ளை பிறந்த வருசம், கண்டவன் நிண்டவன் உள்ளுக்கு வரக் கூடாதெண்டு அந்தக் கொண்டிய அடிச்சது அவன்தான்.