மாதம்மாள் சேர்த்து வைத்த சிரிப்பு

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் முகம் எந்த நோயாளிக்கும் நினைவில் நிற்காது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்துக் கிடந்து அலுத்த உங்களுக்கும் எங்களில் ஒருவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

கோபித்துக்கொண்ட குடல்

ஏரியூர்ப் பக்கத்து மாதம்மாளுக்குப் பல வருடமாகப் பெருங்குடலில் புண், ரத்தப்போக்கு. போதாக்குறைக்கு மலக்குடலே ஆசனவாய் வழியாக வெளியே இறங்க ஆரம்பித்திருந்தது. மூலம் என்று நினைத்துக் கண்ட களிம்பையும் தடவிப் பார்த்துவிட்டு, தருமபுரியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சர்ஜன் படம் போட்டு விளக்கியதும், "வூட்ல கோவிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து நிக்குதுன்னு சொல்லுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கணவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சிரிச்சா எறங்கிடுதுங்க சார். அதனால அவ சிரிக்க வெக்கறதோட சரிங்க."

தள்ளிப்போன தேதி

குடலில் புண் ஆறாமல் தைத்தால் நிற்காது என்று சர்ஜன் மாத்திரை கொடுத்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். எனக்கே எரிச்சல் வந்தது. மாதம்மாள் அலட்டிக்கொள்ளவில்லை. "டிவில காமெடி வந்தா எந்திரிச்சுப் போயிடறனுங்க. எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன், ஆபரேஷன் ஆனதும் சிரிச்சுக்கறேன்."

பரிசல்

ஒருவழியாகப் புண் அடங்கி ஆபரேஷன் நாள் வந்தது. இறங்கிய குடலை உள்ளே மேலிழுத்து, முதுகெலும்பின் அடிப்பகுதியோடு சர்ஜன் தைத்து முடிக்கும்வரை அவர் தூங்க வேண்டும். பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பால் நிற மருந்து குழாயில் மெல்ல இறங்கியது. மேலே இருந்த விளக்கு அவர் கண்களில் தண்ணீராய் அசைந்தது. ஏசிக் குளிர்கூட எனக்கு ஆற்றுக்காற்றாகப் பட்டது. இமை மூடும்போது முணுமுணுத்தார்: "காவேரில பரிசல் சுத்துதுங்க... கெட்டியாப் புடிச்சுக்கங்க."

கரை

அவர் கண் திறந்ததும், தியேட்டரில் கூடவே இருந்த சிஸ்டர், "அக்கா, கரை வந்துருச்சு, எறங்குங்க" என்றார். மாதம்மாள் அரைத்தூக்கத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுகணமே முகம் வெளிறியது, கை பின்னால் போனது. நான் அந்தக் கையையே பார்த்தேன். கை மெதுவாகத் திரும்பி வந்தது. கண்ணீர் காதோரம் வழிய, "சிரிச்சேன், வரலீங்க" என்றார்.

மறுபடி வந்தபோது

குடல் புண்ணுக்கு மாத்திரை தொடரத்தான் வேண்டும். ஆனாலும் வராந்தா முழுக்க அவர் சிரிப்புதான். சர்ஜனுக்குக் கும்பிடு, சிஸ்டருக்குக் கொய்யாப்பழம். மாஸ்க் இல்லாத என்னை மட்டும் உற்று உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கியோ பாத்திருக்கனுங்களே... பரிசல் ஓட்டறவருங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அக்கரையில் இறங்கிச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் ஓட்டியவனை மறந்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் நல்ல பெயர்.