நியூஜெர்சி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்

1986 குளிர்காலம். நியூஜெர்சியில் என் மகள் எஸ்தர் வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே கொடுத்த எதுவும் அவளுக்கு இறங்கவில்லை. நான் கொண்டுபோகும் கஞ்சி மட்டும்தான். மருமகனுக்குப் பகல் வேலை. எனக்கு பஸ்ஸை விட்டால் வழியில்லை.

முதல் நாள் முன் சீட்டில் உட்கார்ந்தேன். நம் ஊரில் பெண்களுக்கு முன்பக்கம்தானே. எதிரே இருந்த வெள்ளைக்கார வாலிபர்கள் கட்டைவிரலால் பின்னால் காட்டி, "பேக்! பேக்!" என்று கத்தினார்கள். இந்த ஊரில் முன்பக்கம் ஆண்களுக்குப் போல, அவர்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். "சாரி தம்பி" என்று சொல்லிக் கடைசிக்குப் போனேன். சிரித்தார்கள். மறுநாள் பின்னால் போயும் விடவில்லை. ஒருவன் சேலையைப் பிடித்து இழுத்தான். கஞ்சி கொட்டிப் போயிற்று. அதற்கடுத்த நாள் பஸ் வந்து நின்றது; என் கால் ஏறவில்லை. மகள் அன்று பட்டினி.

வீட்டுக்கு வந்து அழுதேன். "ஆண்டவரே, எனக்குப் பாஷை தெரியாது. பக்கத்தில் உட்கார ஒரு ஆளைத் தாரும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

காலையில் ஸ்டாப்பில் வயதான கறுப்பினத்து அம்மா ஒருவர் நின்றார். பேர் ரூத். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை என்று பிறகு தெரிந்தது. முன்பே என்னைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். என் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். வாலிபர்கள் ஆரம்பித்தார்கள். ரூத்தம்மா எழுந்து ஏதோ சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

என்னோடு வார்டுக்கும் வந்தார். "ஆம்பளைங்க சீட்டுல உட்கார்ந்துட்டேன்டி. 'பேக்'னு கத்தினானுங்க, சாரின்னு சொல்லிப் பின்னாடி போயிட்டேன்" என்று நான் சொன்னதும், எஸ்தர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அம்மா, இங்க லேடீஸ் சீட்டெல்லாம் கிடையாதும்மா! உன் கலரைப் பார்த்துச் சொல்லியிருக்கானுங்க. நீ அவனுங்களுக்கே சாரி சொல்லியிருக்க!"

அதை எஸ்தர் இங்கிலீஷில் சொல்ல, ரூத்தம்மாவும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. அவர் பேசப் பேச எஸ்தர் தமிழில் சொன்னாள்.

"இந்த ஆன்ட்டி இளவயசுல, தெற்கே அவங்க ஊர்ல சட்டமே அப்படித்தானாம்மா. பஸ்ல கறுப்பர் பின்னாடிதான் உட்காரணும். அதை மாத்தணும்னு அவங்க ஜனம் பஸ்ஸே ஏறாம மாசக்கணக்கா வேலைக்கு நடந்தாங்களாம். கால் வீங்கிப் போகுமாம். சாயங்காலம் சர்ச்ல ஜெபமாம். கடைசில சட்டம் மாறிச்சாம். 'யார் சொன்னாலும் உங்கம்மா எழுந்திரிக்கவே கூடாது'ங்கறாங்க."

அன்று எஸ்தர் கஞ்சி முழுவதும் குடித்தாள். கொஞ்ச நாளில் வீடு வந்தாள். ஸ்தோத்திரம்.

நான் ஒரு ஆளைத்தான் கேட்டேன். கர்த்தரோ, நான் கேட்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ஒரு ஜனத்தையே நடக்க வைத்திருந்தார். சபையில் எழுந்து பேசக் கூச்சப்படுகிறவள் நான். ஆனால் இப்போது பஸ்ஸில் யாராவது மிரண்டு நின்றால், ஜன்னல் பக்கம் நகர்ந்து "கம்" என்று கூப்பிடுகிறேன்.

பயத்தில் இருக்கிற பிள்ளைகளே, அவரைக் கேளுங்கள். ஆள் அனுப்புவார். சில நாள் அந்த ஆளாக உங்களையே அனுப்புவார். அப்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.