இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடு

"...அதத்தான் பாப்பா நானும் கேக்குறேன். நாலு தரம் பாத்துட்டேங்குற. நாலு தரமும் அதுகிட்ட ஒரே கேள்வியத்தான கேட்ட?"

மீன் விற்கிற அக்கா ஒருவர் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, கம்ப்யூட்டரைக் காட்டி இப்படிக் கேட்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. காரைக்காலில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் இருந்தது. கடற்கரைக் குப்பங்களில் வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு குப்பத்தில் யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் மறுநாள் காலை பஸ்ஸில் புதுச்சேரியில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கடலுக்குப் போன கணவர் திரும்பாமல் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஒரே மகளைத் தரங்கம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். இருந்த வீட்டை அலை எடுத்துக்கொண்ட பிறகு, தார் ஷீட் வேய்ந்த தற்காலிகக் கொட்டகையில் குடியிருந்தார். அந்தக் கொட்டகைக்குள் பகலில் உட்கார முடியாது. "வெயில்ல நின்னாக்கூட கொஞ்சம் குளுமையா இருக்கும்" என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பது என் பழக்கம். அதையும் எழுதிவைத்திருந்தேன். எழுதிவைத்தேனே தவிர, அந்தக் கொட்டகையை விட்டு அவர் எப்போது வெளியே வருவார் என்று யோசிக்கவில்லை.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. விழிதியூரில் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். பி.ஏ. வரலாறும் டைப்ரைட்டிங்கும் முடித்திருந்தேன். அலுவலகத்தில் என்னைப் படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யத்தான் சேர்த்தார்கள். ரிப்போர்ட் எடுக்கிற மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது, அதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் உதவிப் பக்கம் வரும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டேன். தப்பாகப் போனால் திரும்பவும் முதலிலிருந்து.

தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் ஏதாவது கேட்பார்கள். இந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்குப் பாத்திரம் போயிற்று, அந்த ஊரில் எத்தனை பேருக்குக் கொசுவலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில். ஒவ்வொன்றுக்கும் புதிதாக உட்கார்ந்து ரிப்போர்ட் செய்வேன். இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். நாங்கள் சார் என்று கூப்பிடுகிற எங்கள் திட்ட அலுவலர் ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எல்லா ரிப்போர்ட்டுக்கும் அடியில ஒரே கேள்விதானம்மா இருக்கு, யார் யார் இருக்காங்கன்னு. அத ஒரு தரம் ஒழுங்கா எழுதி வச்சிட்டா, தினம் தினம் எதுக்கு அடுப்பு மூட்டணும்?"

அவர் சொன்னது சரிதான். மென்பொருளிடம் நாம் கேட்கிற கேள்வியைக் க்வெரி என்பார்கள். ஒரு க்வெரியை எழுதி, பெயர் கொடுத்துச் சேமித்து வைத்துவிட்டால், அதன் மேல் எத்தனை ரிப்போர்ட்டை வேண்டுமானாலும் ஏற்றி உட்காரவைக்கலாம். திறந்தால் "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்கிற மாதிரி செய்துவைக்கலாம். ஊர்ப் பெயரை அடித்தால் போதும், பட்டியல் வந்துவிடும். அப்படி ஒன்றை இரண்டு வாரம் மெனக்கெட்டுச் செய்தேன். அதன் மேல் எட்டு ரிப்போர்ட் உட்கார்ந்தது. நான் விடுப்பில் இருந்தால்கூட வேறு யாராவது திறந்து எடுத்துக்கொள்வார்கள். ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு.

அதைச் செய்யும்போது எனக்கு இருந்த ஒரே தலைவலி, சில பெயர்கள் இரண்டு தடவை வந்ததுதான். அலை வந்த புதிதில் ஒரே குடும்பம் இரண்டு முகாமில் பதிந்திருக்கும். அதைச் சரிபார்க்க என்னிடம் இன்னொரு பட்டியல் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்கள் கொடுத்த தலைக்கட்டுப் பட்டியல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தலைக்கட்டு எண். ஒரு எண் இரண்டு தடவை வராது. நல்லதாகப் போயிற்று என்று, வீடு வீடாக நாங்கள் எடுத்த கணக்கெடுப்பையும் அந்தப் பட்டியலையும் இணைத்தேன். ஒரு எண்ணை ஒரு தரம்தான் காட்டு என்றும் சொல்லிவைத்தேன். திரையில் இரண்டும் இரண்டு பெட்டியாகத் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டை அழுத்தினால் மூன்று வழி காட்டும். இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் எடு. அல்லது இந்தப் பக்கம் இருக்கிற எல்லாரையும் எடு. அல்லது அந்தப் பக்கம் இருக்கிற எல்லாரையும் எடு. முதல் வழியில் ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தது. சரி என்று அழுத்திவிட்டேன். இரட்டைப் பெயர்கள் எல்லாம் மறைந்துபோயின. சார் பாராட்டினார்.

மறைந்துபோனது இரட்டைப் பெயர்கள் மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

அக்கா கேட்டதும் அந்தக் க்வெரியைத் திறந்தேன். ரிப்போர்ட்டைத்தான் நாலு தரம் ஓட்டினேனே ஒழிய, அடியில் கிடந்த கேள்வியைத் திறந்து பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. இரண்டு பெட்டி, நடுவில் கோடு.

"உங்க தலைக்கட்டு எண் என்னங்கக்கா?"

"எனக்கேது தலைக்கட்டு?" என்றார். "அவரு போனதும் அடச்சுட்டாங்களே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குப்பத்தில் தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கொடுக்கிற ஆம்பளை. அவர் போய்விட்டால், தோள் கொடுக்கிற வயதில் மகன் இருந்தால் எண் மகனுக்கு மாறும். மகன் இல்லாவிட்டால் எண்ணை அடைத்துவிடுவார்கள். அதற்காக அந்தப் பெண்ணை ஊர் தள்ளிவைப்பதில்லை. திருவிழாவில் அவருக்கும் பங்கு உண்டு, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவார்கள். எண் மட்டும் இருக்காது. எங்கள் வயல்காட்டு ஊரில் இப்படி ஒரு கணக்கு கிடையாது. நாங்கள் குடும்பப் பட்டியல் கேட்டோம், பஞ்சாயத்துக்காரர்கள் கேட்ட மாத்திரத்தில் கொடுத்தார்கள். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. குடும்பம் என்றால் அவர்களுக்கு அதுதான். இதில் யார் இல்லை என்று நான்தான் கேட்கவில்லை.

விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். கோட்டைக் காட்டியே சொன்னேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓ, மெஷினும் பஞ்சாயத்துலதான் உக்காந்திருக்காக்கும்" என்றார். பிறகு, "அதான் பாத்திரமும் வரலயா?"

"வரலீங்களா?"

"பாத்திரம் வரல. கொசுவலை வரல. பாய் வரல. ஊருல கேட்டா ஆபீஸ்ல விட்டுட்டாங்கன்னாங்க. ஆபீஸ்ல ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன். ஊருல பேரு குடுக்கலன்னுச்சு."

அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு இல்லையா, இருந்தும் சொல்லவில்லையா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பேச்சுச் சத்தம் கேட்டு சார் தன் அறையிலிருந்து வந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் மறுநாள் பட்டியல் அனுப்ப வேண்டிய மனுஷர்.

"அம்மா நேர்ல வந்துட்டாங்க. வீடு வீடா எடுத்த கணக்குல பேரும் இருக்கு. பட்டியல் அடியில கையால எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார் என்னிடம்.

எனக்குப் பெரிய நிம்மதி. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"கையால எழுதுனா, அடுத்த தரம் நீ கேக்கும்போது மெஷினு என்னச் சொல்லுமா?" என்றார் அக்கா.

"சொல்லாதுங்கக்கா."

"என்னாட்டம் இருக்கவளுங்கள?"

"அவங்களையும் சொல்லாது."

அதுவரை உட்காராத அக்கா எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு க்வெரி போட்டுடலாமா? பழசு அப்படியே கெடக்கட்டும்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அடியில் இருக்கிறதை மாற்றினால் மேலே இருக்கிற எட்டும் மாறும். ஏற்கெனவே அனுப்பிய பாத்திரப் பட்டியல், கொசுவலைப் பட்டியல், எதைத் திறந்தாலும் இனி எண்ணிக்கை வேறாகக் காட்டும். "எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்தாயிற்று" என்று நாங்கள் எழுதி அனுப்பியது பொய் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அது நான் எழுதிய வாக்கியம். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தனியாக ஒன்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அனுப்புனதெல்லாம் தப்புன்னு ஆயிடுமேம்மா" என்றார் சார்.

"ஆயிடுச்சு சார். நமக்கு இப்பத்தான் தெரியுது."

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாத்துங்க" என்றார்.

கோட்டை அழுத்தி, எங்கள் கணக்கெடுப்பில் இருக்கிற எல்லாரையும் எடு என்கிற இரண்டாவது வழியில் புள்ளி வைத்து, சேமித்தேன். அவ்வளவுதான் வேலை. எத்தனை மாதம் மாற்றாமல் விட்டிருந்தேனோ, அதை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்ததும் "எந்த ஊர்?" என்று கேட்டது. அடித்தேன். முதலில் பழைய பெயர்கள் வந்து, அதற்குக் கீழே புதிதாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் பெண்கள் பெயர். தலைக்கட்டு எண் என்கிற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. அக்காவைச் சேர்த்துப் பதினோரு பேர்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க, யார் என்று அடையாளம் சொன்னார். ஐஸ் கம்பெனி வாசலில் நண்டு விற்கிறவர். கருவாடு காயப்போடுகிறவர். மருமகளோடு சண்டை போட்டுத் தனியாக வந்துவிட்டவர். "அவ வாய்க்கு இவ்ளோ நாளா ஒண்ணும் கேக்காம இருந்ததே அதிசயம்" என்றார். எட்டாவது பெயரை வாசித்தேன்.

"அவ போயிட்டா, ஆடியில" என்றார். "கொட்டகையில காய்ச்சல்ல கெடந்தா."

எனக்குக் கொசுவலைப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நினைவு என்னை விட்டுப் போனதும் இல்லை.

"பேர எடுத்துரட்டுமாக்கா?"

"எடுக்காத. மக இருக்கா, அதே கொட்டகையில. ஒண்டியா எப்படி இருப்பாளோன்னு அவள மதுரைப் பக்கம் எங்கயோ அனுப்பப் பாக்குறாங்க."

"பொண்ணு பேருக்கு மாத்தலாம்" என்றார் சார். அவர் புதுச்சேரிக்குப் போன் செய்துவிட்டு வந்திருந்தார். முதல் கட்ட வீடுகளுக்கு மனை அளந்து முடிந்துவிட்டது, அதில் சேர்க்க இடமில்லை. இரண்டாம் கட்டத்தில் முதல் பதினோரு வீடு இவர்களுக்கு. ஆனால் அந்தப் பெயர்கள் இதே பட்டியலோடு போக வேண்டும். ஒவ்வொருவரும் குடும்ப அட்டையோடு நேரில் வந்து, சாயங்காலம் நாலு மணிக்குள் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அவர்கள் வந்தார்கள். நாகூர்ப் பக்கம் மீன் விற்கப் போயிருந்த ஒருவருக்காக மட்டும் அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தோம். அந்தப் பெண்ணும் வந்தது, அம்மாவின் அட்டையை எடுத்துக்கொண்டு. வீடு கைக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முதலிலேயே பட்டியலில் இருந்திருந்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே அவர்கள் சுவருக்குள் போயிருப்பார்கள். அந்த மழையை அந்தப் பதினோரு பேரும் தார் ஷீட்டுக்கு அடியில்தான் கழித்தார்கள். அது என் கோடு செய்தது. இதை எந்த ரிப்போர்ட்டிலும் நான் எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு, சார் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அத அப்புறம் சொல்லு. மொதல்ல பேரச் சொல்லு, மேலேருந்து. நிறுத்திச் சொல்லு."

ஒரு பெயர் சொன்னேன். வலது கைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து, அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். அடுத்த பெயருக்கு அடுத்த கணு. இறந்துபோனவருடைய முறை வந்தபோது மகளின் பெயரைச் சொல்லி அந்தக் கணுவை அழுத்தினார். தன்னைத் தவிர்த்துப் பத்துப் பெயர் ஆனதும் இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு, பத்தாவது கணுவில் வைத்த கட்டைவிரலை எடுக்காமல், இடது கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேகமாக மாடிப்படி இறங்கிப் போனார்.